குரோஸ் கணக்கில் வரைந்த எழுத்துரு

அம்மா ஒரு பட்டன் தொழிற்சாலையில் ஸ்டிக்கர் அச்சடித்தாள். போன மாதம் இறந்துபோனாள். துக்கம் விசாரிக்க வந்த தூரத்து உறவினர் ஒருவர், "உங்கம்மா ஃபாக்டரியில என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டார். "ஸ்டிக்கர்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டார். நான் சொன்ன பதிலில் தவறில்லை. ஆனால் போதாது. அதனால் இதை எழுதுகிறேன்.

ஸ்டிக்கர் அறை, பொட்டலம் கட்டும் கூடத்துக்கும் சாயப் பிரிவுக்கும் நடுவில் இருந்தது. ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம், இரண்டு நாற்காலி, எந்த வேகத்தில் வைத்தாலும் ஒரே வேகத்தில் சுற்றும் மின்விசிறி. அம்மா அச்சடிப்பாள். அதை உரித்து அட்டைப்பெட்டியில் ஒட்டுவது கோந்துவின் வேலை. கோந்து என்பது பட்டப்பெயர். ஒட்டுகிற வேலை செய்வதால் வந்ததா, அம்மாவை விட்டு அகலாததால் வந்ததா என்பதில் தொழிற்சாலையில் இரண்டு கட்சி உண்டு. நான் அவளைச் சித்தி என்று கூப்பிடுவேன். அவளுக்கு வீசிங். சாயப் பிரிவின் கதவு திறந்தாலே இருமத் தொடங்கிவிடுவாள்.

பட்டனை யாரும் நூறு, ஆயிரம் என்று எண்ணுவதில்லை. குரோஸ் கணக்குதான். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், அதாவது நூற்று நாற்பத்து நான்கு. பொட்டலமும் குரோஸில், பெட்டியும் குரோஸில். அம்மாவுக்கு இது ரத்தத்தில் ஏறிவிட்டது. "ஒரு குரோஸ் தடவை கூப்பிட்டாச்சு, எந்திரிக்கிறியா இல்லையா?" என்றுதான் என்னை எழுப்புவாள்.

ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. அதற்குள் எதையும் மாற்ற முடியாது. எண்ணிக்கைக்கான கட்டத்தில் இலக்கம் தவிர வேறெதையும் தட்டவும் முடியாது. மாற்ற முடிந்த ஒரே சங்கதி எழுத்துரு. இதைக் கண்டுபிடித்தது அம்மாதான். எழுத்துரு செய்யும் இலவச மென்பொருள் ஒன்றை வீட்டுக் கணினியில் போட்டுக்கொண்டு, 'a' தட்டினால் இரண்டு துளை பட்டன், 'b' தட்டினால் நான்கு துளை பட்டன் என்று படம் வருகிற மாதிரி ஒரு எழுத்துரு செய்தாள். பெட்டியின்மேல் பட்டனின் படமே அச்சானது. மேனேஜர் பார்த்துவிட்டு, "இது எங்கேம்மா வாங்குனது?" என்றார். "வாங்கல சார், வரைஞ்சது" என்றாள். அவர் நம்பவில்லை.

வினை வெளியே இருந்து வந்தது. தொழிற்சாலையின் பெரிய வாடிக்கையாளர் கடல் கடந்த ஒரு நாட்டில் இருந்தார். அங்கே பேசுவது போர்த்துகீசியம். கப்பலில் ஈரம் பட்டு ஸ்டிக்கரில் இலக்கம் கலைந்துபோகிறது, எட்டு மூன்றாகத் தெரிகிறது என்று அவர்கள் அலுத்துக்கொண்டார்கள். இனிமேல் ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணிக்கையை இலக்கத்தோடு சேர்த்து எங்கள் மொழியில் வார்த்தையாகவும் போடுங்கள் என்றார்கள். நம் புரோகிராமில் முடியாது. ஸ்டிக்கர் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அப்படியானால் ஸ்டிக்கர் அறைக்கு வேலையில்லை. அம்மாவைப் பொட்டலம் கட்டவும் கோந்துவைச் சாயப் பிரிவுக்கும் மாற்றுவதாக அறிவிப்புப் பலகையில் தாளைக் குத்திவைத்தார்கள்.

அதைக் கோந்துவே படித்துவிட்டு வந்தாள்.

"அக்கா, என்னை சாயத்துல முக்கப் போறாங்களாம். இனிமே நான் எந்தக் கலர்ல வருவேன்னு நீயே பாத்துக்க."

அம்மா சிரிக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், அவ சாயப் பிரிவுல ஒரு வாரம் தாங்கமாட்டா."

"என் கையில இல்லம்மா. வார்த்தையில போடணும்கிறான் அவன். நம்ம மிஷின்ல வராதே."

"வர வெச்சா?"

"எப்படி வர வெப்பே?"

"எனக்கு இன்னும் தெரியல சார். வர வெச்சா அந்தத் தாளைக் கிழிப்பீங்களா?"

மேனேஜர் மோசமான மனிதர் இல்லை. காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். "அடுத்த மாசம் பட்டன் வாங்குற கம்பெனியிலிருந்து ஒரு அம்மா நேர்ல வர்றாங்க. அவங்க முன்னாடி அடிச்சுக் காட்டு. அவங்க சரின்னா தாளைக் கிழிச்சுடறேன்."

மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாள். "ஏன்டி, அடுத்தடுத்து மூணு இலக்கம் வந்தா அதை ஒரே எழுத்தா மாத்த முடியுமா?"

லிஃப்டுகளுக்கு நிரல் எழுதுவது என் வேலை. எழுத்துருவைப் பற்றி அப்போது அவ்வளவாகத் தெரியாது. தேடிப் பார்த்தேன். முடியும். குறிப்பிட்ட எழுத்துகள் வரிசையாக வந்தால் அவற்றின் இடத்தில் வேறொரு படத்தைக் காட்டு என்று எழுத்துருவுக்குள்ளேயே கட்டளை வைக்கலாம். 1, 4, 4 என்று தட்டினால் திரையில் வார்த்தை தெரியும். உள்ளே இருப்பது அதே இலக்கம்தான். புரோகிராமுக்கு எதுவும் தெரியவராது. எண்ணிக்கை ஸ்டிக்கரில் இரண்டு இடத்தில் அச்சாகும்; ஓரிடத்தில் மட்டும் இந்த எழுத்துருவைப் போட்டால் இலக்கமும் நிற்கும், வார்த்தையும் வரும்.

போர்த்துகீசியம் யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸுக்கு. அந்த மொழி பேசும் ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு வந்தவள். நாடித்துடிப்பும் சலைன் சொட்டும் அந்த மொழியில் எண்ணியவளுக்கு எண்கள் தண்ணீர் பட்ட பாடு. அவள் சொல்லச் சொல்ல அம்மா எழுத்து எழுத்தாக வாங்கிக்கொண்டாள்.

"நூத்தி நாப்பத்தி நாலு?"

"சென்ட்டு இ குவரென்ட்டா இ குவாத்ரு."

"எரநூத்தி எம்பத்தெட்டு?"

"துசென்ட்டுஷ் இ ஒய்ட்டென்ட்டா இ ஒய்ட்டு."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இந்த வீட்ல இன்னொரு கரண்டி குழம்பு வேணும்னா அதுக்கு என்ன பாஷையில கேக்கணும்?" என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் இடையே அங்கேதான் சண்டை தொடங்கியது. நான் விதி எழுதலாம் என்றேன். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி வார்த்தைத் துண்டு. இலக்கம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்தத் துண்டு வரும். துண்டுகள் சேர்ந்து எந்த எண்ணும் வார்த்தையாகிவிடும். சுத்தமான வேலை.

அம்மா, ஒரு எண்ணுக்கு ஒரு முழுப் படம் என்றாள். பெரிய பெட்டிக்கு நாற்பத்தெட்டு குரோஸ்தான் அதிகபட்சம். ஆகவே நாற்பத்தெட்டு படம் போதும்.

"நாளைக்கு வேற நம்பர் வந்தா?"

"எங்கேருந்து வரும்? நாப்பத்தெட்டு வருஷத்துக்கும் குரோஸ்லதான் வரும்."

"அம்மா, விதி எழுதினா ஒரே தடவை வேலை."

"உன் விதிக்கு ஸ்டிக்கரோட அகலம் தெரியுமா?"

நாலாயிரத்து நானூற்று அறுபத்து நான்கைப் போர்த்துகீசியத்தில் எழுதிப் பார்த்தால் புரியும். துண்டு துண்டாகச் சேர்த்தால் ஸ்டிக்கரைத் தாண்டிப் பெட்டியின் பக்கச் சுவருக்குப் போய்விடும். அம்மா முழுப் படமாக வரைந்ததால், நீளமான எண்ணை இரண்டு வரியாக மடித்து ஒரே எழுத்துக்குள் அடக்கினாள். மடித்த புடவையைப் பெட்டியில் வைப்பதுபோல.

எழுத்துகளையும் அவளே வரைந்தாள். ஈரம் பட்டாலும் 'e' அடைத்துக்கொண்டு 'o' போலத் தெரியக் கூடாது என்று 'e'-யின் வாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். 't'-யின் தலையை நீட்டினாள். அடித்த ஸ்டிக்கரைக் கோந்து தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து, தூரத்தில் நின்று படித்துக் காட்டுவாள். அர்த்தம் தெரியாமல் அவள் சத்தமாகப் படிப்பதைக் கேட்கப் பொட்டலக் கூடத்துப் பெண்கள் வந்து நிற்பார்கள்.

ஒருமுறை ஆயிரத்து நானூற்று நாற்பது அடித்தால், நூற்று நாற்பத்து நான்கு வார்த்தையில் வந்து, பக்கத்தில் ஒரு சுழி தனியாக நின்றது. எழுத்துரு முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் பாய்ந்துவிட்டது. நீளமான எண்ணை வரிசையில் முன்னால் வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுக்கும்முன் அம்மாவே மாற்றிவிட்டாள். "பெரிய குடும்பத்துக்கு முதல்ல இடம் கொடுக்கணும். இல்லேன்னா இப்படித்தான் கடைக்குட்டி நடுத்தெருவுல நிக்கும்."

நாற்பத்தெட்டும் முடிந்தது. ஒவ்வொன்றையும் நர்ஸ் சரிபார்த்தாள். எல்லாம் கச்சிதம். நானும் ஒரு பிடிவாதத்தில் என் விதியை எழுதி முடித்து மடிக்கணினியில் வைத்திருந்தேன். அதற்கு எழுத்துகள் இல்லை, எலும்புக்கூடு மட்டும்.

வாடிக்கையாளர் கம்பெனி அம்மாள் வந்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். "மிஷின் மக்கர் பண்ணுச்சுன்னா நீ பக்கத்துல இருக்கணும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். நர்ஸை மேனேஜர் மொழிபெயர்க்க அழைத்திருந்தார். வந்தவர் நல்ல உயரம், கழுத்து முதல் முழங்கால் வரை பட்டன் வைத்த நீள அங்கி. கோந்து பார்த்த மாத்திரத்தில் "மகாராணி" என்று பெயர் வைத்துவிட்டாள்.

மகாராணி ஒரு குரோஸ் அடிக்கச் சொன்னார். வந்தது. பத்து குரோஸ். வந்தது. விரலால் தடவிப் பார்த்து, தலையசைத்து, நர்ஸிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்குன்றாங்கக்கா. இப்போ ஆயிரம் அடிக்கச் சொல்றாங்க."

அம்மாவின் கை நின்றது.

"ஆயிரமா?"

"ஆயிரம்."

"ஆயிரம்னு ஒரு பெட்டி கிடையாதே."

அம்மா தட்டினாள். ஸ்டிக்கர் வந்தது. இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 1000. வார்த்தை இருக்க வேண்டிய இடத்திலும் 1000.

மகாராணி பொறுமையாக விளக்கினார், நர்ஸ் மொழிபெயர்த்தாள். இந்த வருஷத்திலிருந்து அவர்கள் குரோஸை விட்டுவிடுகிறார்கள். இனி ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம். சில்லறை ஆர்டரில் எந்த எண்ணும் வரலாம்.

"ஏன் திடீர்னு? குரோஸ்ல என்ன குறைச்சலாம்?" என்று அம்மா கேட்டாள்.

"உலகத்துல எல்லாரும் பத்து பத்தாத்தானே எண்ணுறாங்கன்னு கேக்கறாங்க."

"ஆயிரம்னா ஏழு குரோஸுக்கு எட்டு பட்டன் கம்மி. அரைகுறையா ஒரு நம்பர். இதுலயா பெட்டி போடுவாங்க?"

இதையும் நர்ஸ் மொழிபெயர்த்தாள். மகாராணி விழுந்து விழுந்து சிரித்தார். மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. கோந்து மெதுவாக நகர்ந்து, சாயப் பிரிவுப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அதைப் பார்த்தவுடன் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"உன் விதி இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?"

"இருக்கு. எழுத்து இல்ல. அகலமும் பத்தாது."

"மேனேஜர் சார், அவங்களுக்கு ஃபாக்டரியைச் சுத்திக் காட்டிட்டு வாங்க. மெதுவா. எல்லாத்தையும் காட்டுங்க."

"சரி. சிஸ்டர், வாங்க."

"சிஸ்டர் வரமாட்டாங்க. எனக்கு நம்பர் சொல்லணும்."

"அப்போ நான் அவங்ககிட்ட எந்த பாஷையில பேசுறது?"

"கையிருக்குல்ல சார்?"

மேனேஜர் கையோடு கிளம்பினார். அதன்பிறகு கூடத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் அவர் குரல் கேட்டது. "பட்டன்! ரெண்டு ஹோல்! இது நாலு ஹோல்! வெரி ஸ்ட்ராங்!" மொழி புரியாதவருக்குச் சத்தமாகப் பேசினால் புரியும் என்று நினைத்துவிட்டார்போல.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். அம்மா தன் படங்களை வெட்டித் துண்டுகளாக்கினாள். இருபது, நாற்பது, அறுநூறு என்று கைக்கு வந்ததெல்லாம் போட்டாள். ஒன்றுக்கு வந்ததும் திகைத்தாள்.

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. குரோஸை எத்தனையால் பெருக்கினாலும் ஒற்றைப்படை வராது. நாற்பத்தெட்டு படத்தில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று முடிகிற எண் ஒன்றுகூட இல்லை. அம்மா அத்தனை வருஷமும் ஒற்றைப்படையே இல்லாத இடத்தில் வேலை பார்த்திருக்கிறாள்.

"சொல்லுங்க சிஸ்டர். ஒண்ணுக்கு என்ன?"

"உம்."

"உம்முனா? சீக்கிரம் சொல்லுங்க, மேனேஜர் வந்துருவாரு."

"சொல்லிட்டேன்கா. ஒண்ணுக்கு உம்."

கோந்து கதவில் சாய்ந்தபடியே குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அம்மா நிமிரவே இல்லை, தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் அவள் பக்கம் தள்ளினாள்.

பதினொன்று, பதின்மூன்று, பதினேழு. அம்மாவிடம் எழுத்துகள் தயாராக இருந்ததால் வார்த்தை கோப்பது கடினமாக இல்லை. அகலம்தான் இடித்தது. மூவாயிரத்துச் சொச்சம் தட்டினால் ஸ்டிக்கரின் விளிம்பில் வெட்டுப்பட்டது.

"எழுத்தைச் சின்னதாக்கலாமா?" என்றேன்.

"தண்ணி பட்டா படிக்க வராது." அம்மா திரையின் மேல்பக்கத்தை விரலால் தட்டினாள். "ஆயிரத்தை மாடியில ஏத்திடு."

"என்னது?"

"நம்ம வீடு மாதிரிடி. ஆயிரம் மாடியில இருக்கட்டும். நூறும் மத்ததும் கீழ் வீட்ல இருக்கட்டும். ஒரே வாசல்."

எனக்குப் புரிந்தது. ஆயிரத்துக்கான துண்டுகளை எல்லாம் உயர்த்தி வரைந்துவிட்டு, அவற்றின் அகலம் சுழி என்று எழுத்துருவுக்குச் சொல்லிவிட்டால் போதும். அடுத்து வரும் துண்டு, தனக்கு முன்னால் யாருமில்லை என்று நினைத்து, வரியின் தொடக்கத்திலேயே கீழே உட்கார்ந்துகொள்ளும். என் விதியில் ஒரு கட்டளைகூட மாற்றத் தேவையில்லை. இந்த யோசனை எனக்கு ஒரு மாதமாகத் தோன்றவில்லை.

"மாடி வீட்டுக்காரி நான் சொல்றேன், வாடகை ஏத்தாதீங்க" என்றாள் நர்ஸ்.

முதல் அச்சில் மாடி, மேலே இருந்த தேதியின்மேல் ஏறிவிட்டது. இறக்கினோம். இரண்டாவதில் சரியாக வந்தது. மேனேஜர் சாயப் பிரிவை இரண்டாம் முறையாகக் காட்டி முடித்து, புதிதாக ஓடு பதித்த கழிவறையையும் காட்டிவிட்டு, வேர்வையோடு திரும்பி வந்தார்.

ஆயிரம் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு வந்தது. மகாராணியின் முகத்தில் குறும்பு வந்தது. அம்மாவை நகரச் சொல்லி, தானே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே விசையை நான்கு முறை தட்டினார். 3333.

இயந்திரம் ஒரு நொடி யோசித்துவிட்டுத் துப்பியது. மகாராணி ஸ்டிக்கரை உரித்து, உரக்கப் படித்தார்.

"த்ரேஷ் மில் த்ரெசென்ட்டுஷ் இ த்ரின்ட்டா இ த்ரேஷ்!"

"என்ன இது, தையல் மிஷின் ஓடுற மாதிரி இருக்கு" என்றாள் கோந்து.

நர்ஸ் அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தாள். மகாராணி சிரித்துக்கொண்டே அந்த ஸ்டிக்கரைத் தன் அங்கியின் மார்பில், பட்டன் வரிசைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். பிறகு மேனேஜரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மேனேஜர் அறிவிப்புப் பலகைக்குத் தானே போனார். தாளை அவர் கிழிக்கவில்லை, நான்கு குண்டூசியையும் நிதானமாக எடுத்து, தாளை மடித்துக் கோந்துவிடம் கொடுத்தார். "வெச்சுக்கம்மா."

"எதுக்கு சார்? ஒட்டவா?" என்றாள் அவள்.

அம்மா அதற்குள் இயந்திரத்தில் புது ரோலை மாட்டிக்கொண்டிருந்தாள். "பேசிட்டே நில்லு. ஆர்டர் யாரு அடிப்பா?"

அம்மா ஓய்வு பெறும்வரை அந்த அறையில்தான் இருந்தாள். பிறகு அச்சடிக்கும் நாற்காலிக்குக் கோந்து மாறினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அம்மாவின் சாவுக்கு வந்தவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காரியம் எல்லாம் முடிந்து, நான் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் போன் செய்தாள்.

"ஏன்டி, பத்து லட்சத்துக்கு உங்கம்மா எழுத்து போடலையா?"

"இல்ல சித்தி. அவ்ளோ பெரிய பெட்டி கிடையாதே."

"பெட்டிக்கு இல்ல. லோடு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு ஸ்டிக்கர் கேக்கறான் அவன். பத்து லட்சம் பட்டன். வண்டி வாசல்ல நிக்குது. போட்டுக் குடு."

நர்ஸிடம் கேட்டேன். உம் மில்யாவ் என்றாள், எழுத்துக்கூட்டியும் சொன்னாள். அம்மாவின் எழுத்துருவைத் திறந்தேன். u இருந்தது, m இருந்தது, i, l, h, o எல்லாம் இருந்தன. தலையில் நெளிவு வைத்த ã மட்டும் இல்லை. அவள் செய்த எந்த எண்ணுக்கும் அது தேவைப்பட்டதில்லை.

அம்மாவின் 'a'-யை எடுத்து வைத்துக்கொண்டு அதன்மேல் நெளிவை வரைந்தேன். பிடிக்கவில்லை. அழித்தேன். திரும்ப வரைந்தேன். அவள் கோடுகள் முனையில் கொஞ்சம் பெருக்கும், ஈரத்துக்காக. அதை நினைத்து முனையைப் பெருக்கினேன். அது ஒரு சின்ன மீசை மாதிரி இருந்தது. கண் கலங்கியதில் சரியாகத் தெரியவும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பின்னணியில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"நெளிவு ஒரு பக்கமா தூக்கியிருக்கு."

"மாத்தி அனுப்பட்டுமா சித்தி?"

"எதுக்கு? வாளியில முக்கிப் பாத்துட்டேன், நல்லாத் தெரியுது. ஒட்டியாச்சு. வண்டி கிளம்புது, போனை வை."